ஒரே பிரதி

கேட்டவர்களுக்கெல்லாம் கதை எழுதும் இயந்திரம் ஆளுக்கொரு நாவல் எழுதிக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பிரதிதான். அவற்றைத் தைத்து அட்டை போடுவது பாளையங்கோட்டையில் தனியாக வாழ்ந்த ஜெபமணியின் வேலை. ஒருநாள் பக்கங்களை அடுக்கும்போது படிக்கத் தொடங்கியவள், கதையில் கோமளா என்ற பெண் ஆற்றில் இறங்கி வெள்ளத்தோடு போனதும் ஊசியை வைத்துவிட்டு அழுதாள். யாரிடமாவது அதைப் பேச வேண்டும் போலிருந்தது. வண்ணக் காகிதத்தில் ஓர் ஓடம் வெட்டி அட்டையில் ஒட்டினாள்.

தான் கேட்டிருந்த அந்தப் புத்தகத்தை வாங்க வந்த தணிகைவேலிடம் ஆவலாகக் கேட்டாள். "சார், கோமளாவ அவ புருஷன் தடுத்திருக்கலாம்லா?"

"எந்தக் கோமளா?"

"உங்க கதையில வாராளே!"

"நான் எங்கே படிக்கப் போறேன்மா? ஷோகேஸ்ல வைக்கத்தான். அட்டை ஜோரா இருக்கு."

அவர் போய்விட்டார். கோமளாவுக்காகத் துக்கப்பட உலகத்திலேயே ஜெபமணி ஒருத்திதான் இருந்தாள்.