பகல் வண்டி

"மெயில்ல ஏறிப் படுத்தா விடியும்போது கோலாலம்பூர். பகல் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போகும். நாள் பூரா இடுப்பு ஒடியும். சொன்னாக் கேளு" என்றார் வயிரவன்.

"ஊர் பார்க்க வந்துட்டுத் தூங்கிக்கிட்டே போறதா? பகல் வண்டியிலேயே போவோம்" என்றாள் அழகம்மை.

1931, மாசி மாதம். ஜோகூர் பாரு ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தார்கள் இருவரும். காரைக்குடியிலிருந்து வந்து சிங்கப்பூரைப் பார்த்தாயிற்று. இனிக் கோலாலம்பூர் வழியாகப் பினாங்கு போய்க் கப்பலேற வேண்டியதுதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள், தை பிறந்ததும் மலாய் நாட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றிருந்தாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்து, மலாய்க்காரர் பாணியில் இழுத்தார். "அம்மா சொல்றது சரிதான் லா. பகல்ல போனாத்தான் காடு, ஆறு, அன்னாசித் தோட்டமெல்லாம் பார்க்கலாம்."

வயிரவனிடம் மறுக்க ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. டிக்கெட்டை வாங்கினார்.

குளுவாங் தாண்டியதும் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. அழகம்மை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பக்கமெல்லாம் நீங்க வந்திருக்கீங்களா?"

"நம்ம வட்டிக்கடை இருந்தது பத்து பாகாட் ஊர்ல. இங்கே எப்பவாவது வருவேன்."

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து லாபிஸ். மெயில் வண்டி அங்கே நிற்பதில்லை.

அந்த ஊர்த் தோட்டத்தில்தான் அங்கம்மா ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுத்தாள். மூன்று வருஷம் அவள் வீட்டுக்கு அவர் வந்து போனார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அது நடக்கப் பழகியிருந்த சமயம், "ஊருக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று கப்பலேறினார். ஏழு வருஷமாயிற்று. காரைக்குடியில் இரண்டு பையன்களும் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டார்கள். லாபிஸுக்கு அவர் ஒரு வரி எழுதவில்லை.

வண்டி நின்றது. வயிரவன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதன் ஓரமாகப் பார்த்தார்.

தோட்டத்துக் கங்காணி ஒருவர் ஒரு சிறுமியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டு வயதிருக்கும். இடுப்பில் துணி மூட்டை. முகம் அப்படியே அங்கம்மா.

வயிரவன் செய்தித்தாளை இன்னும் உயர்த்திப் பிடித்தார். வண்டி கிளம்பிவிடாதா என்று தவித்தார்.

அழகம்மை எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"இந்தப் பெட்டிதாங்க. நான் சிங்கப்பூர்லேருந்து அடிச்ச தந்தி கிடைச்சுதா?" என்று கங்காணியிடம் கேட்டுவிட்டு, சிறுமியைத் தூக்கி உள்ளே விட்டாள். பிறகு கணவரின் பக்கம் திரும்பினாள்.

"இவ அம்மா கார்த்திகையில காய்ச்சல்ல போயிட்டா. சாகுமுன்ன இந்தக் கங்காணியை எழுதச் சொல்லி எனக்குக் கடுதாசி போட்டிருந்தா. இவளைக் கூட்டிப் போகத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, உங்க மக உட்காரட்டும்."