இரண்டு டிஸ்க்கிலும் இருபத்தொன்பது

தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு இரண்டே பயங்கள். ஒன்று, அக்கா. இன்னொன்று, அக்காவுக்காகச் செய்த காரியம்.

காரியம் ஒன்றும் பெரிதில்லை. அக்கா மகன் கணக்குப் பரீட்சையில் மூன்றாவது தடவையாகக் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றான். அக்கா வீடேறி வந்து, "நீ அந்த ஆபீஸ்ல என்னத்துக்குத்தான் இருக்க?" என்று மூக்கைச் சிந்தினாள். பத்து நாளைக்கு முன்னால், பிரிவில் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சர்வரில் அவன் பெயருக்கு இருந்த இருபத்தொன்பது மார்க்கை அவர் அறுபத்திரண்டு ஆக்கினார். ரிசல்ட் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே, பையன் பாஸ் என்று அக்கா தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்க, பயம் இன்னும் அதிகமானது.

இன்று காலை சுற்றறிக்கை வந்தது. நாளை பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். பத்து விடைத்தாளை உருவி, சர்வரில் உள்ள மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பத்தாயிரத்தில் பத்துதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கண்காணிப்பாளர் சர்வர் அறைப் பக்கம் போனார். அங்கே சர்வரம்மா பெட்டியின் முன்பக்கத்தைத் திறந்து, புது டிஸ்க் ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தாள்.

சர்வரம்மா என்பது ஆபீஸ் வைத்த பெயர். அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பாள். அந்த யூனிக்ஸ் பெட்டி கொஞ்சம் சூடானாலும் பெற்றவள் மாதிரி பதறுவாள்.

"என்னம்மா இது?"

"மிரர் சார். இத்தனை நாளா இருந்தது ஒரே டிஸ்க். பெட்டியை ஓட்டற யூனிக்ஸும் அதுலதான், மார்க்கும் அதுலதான். அது படுத்தா ஆபீஸே படுத்துடும். இனிமே அதுல இருக்கறது அத்தனையும் இதுலயும் இருக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணுல இருந்து கிளப்பிக்கலாம்."

"அத்தனையுமா?"

"ஒரு புள்ளி விடாம."

கண்காணிப்பாளருக்கு இருக்கிற ஒரு சாட்சியையே தாங்க முடியவில்லை, இவள் இரண்டாவது சாட்சியைத் தயார் பண்ணுகிறாள். திரையில் நாற்பது சதவீதம், நாற்பத்தொன்று என்று ஏறிக்கொண்டிருந்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேம்மா. அதுல ஒண்ணை மாத்தினா, இது பழசையே வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க மீசையை எடுத்துட்டா, கண்ணாடியில மட்டும் மீசை இருக்குமா சார்? அங்க மாத்தின அதே நொடி இங்கயும் மாறிடும். கொஞ்சம் வழி விடுங்க, சாயங்காலம் அப்டேட் வேற போடணும்."

அந்த மீசை அவர் வயிற்றில் பாலை வார்த்தது. நூறு சதவீதம் ஆகிவிட்டதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தார். மத்தியானம் நூறும் ஆகிவிட்டது. மூன்றரை மணிக்குப் பிரிவில் ஆளில்லாத நேரம் பார்த்து, அறுபத்திரண்டை மறுபடி இருபத்தொன்பது ஆக்கினார். செய்த பாவம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் கழுவப்பட்டதாக அவருக்குத் தோன்றியது.

பிறகு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அவன் மார்க்கைப் பழையபடியே மாத்திட்டேன்க்கா. செஞ்சது தப்பு."

"பத்து நாளைக்கு முன்னாடி தப்பாத் தெரியலையா உனக்கு? இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

போன் படாரென்று வைக்கப்பட்டது. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். காலையில் எழுந்தபோது நேர்மை அவருக்குத் தலைக்கேறியிருந்தது.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒன்பது விடைத்தாள் பார்த்தாயிற்று. ஒன்பதும் சரியாக இருந்தன. பத்தாவதை உருவத் தாள்கட்டின் மேல் கை வைத்தார்.

"சார், பத்தாவதை நான் சொல்லட்டுமா?" என்றார் கண்காணிப்பாளர். "எங்க அக்கா மகனும் இந்தப் பரீட்சை எழுதியிருக்கான். நாளைக்கு யாரும் நாக்கு மேல பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க. அவன் நம்பரையே எடுங்க."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "உங்களை மாதிரி ஆளைப் பாக்கறதே அபூர்வம் சார்." தாளைத் தேடி எடுத்தவர் முகம் வாடியது. "இருபத்தொன்பதுதான் போட்டிருக்கு. பாவம், தேறலையே பையன்."

"என்ன சார் பண்றது? சொந்தம் வேற, கடமை வேற."

அதிகாரி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"இங்க அறுபத்திரண்டுன்னு இருக்கே?"

கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை, அறுபத்திரண்டுதான். அதற்குள் சர்வரம்மா நெற்றி வேர்வையைத் துடைத்தபடி கண்காணிப்பாளரைத் தேடி உள்ளே வந்தாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நேத்து போட்ட அப்டேட் சொதப்பிடுச்சு. காலையில சர்வர் எழுந்திருக்கவே இல்ல. நல்லவேளை, அப்டேட்டுக்கு முன்னாடி மிரர்ல ஒரு டிஸ்க்கை மட்டும் தனியாப் பிரிச்சு வச்சிருந்தேன். அப்படிப் பண்றதுதான் முறை. இப்ப அதுலதான் ஓடுது.

"பிரிச்சப்போ மணி மூணு. அதுக்கு மேல நீங்க ஏதாவது மார்க்கை மாத்தியிருந்தா அது மட்டும்தான் இருக்காது. எந்த நம்பர்னு சொல்லுங்க சார், இப்பவே திரும்ப மாத்திடலாம்!"