இல்லாத குரங்கு

கட்டில் கம்பியில் ஒரு குரங்கு உட்கார்ந்து என்னைப் பார்த்தது.

நான் அதைப் பார்க்கவில்லை.

அதாவது, கண்ணில் விழுந்ததை முகத்துக்கு விடவில்லை. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கமிஷன் கடை நடத்துகிறவன் நான். சரக்கு மனசுக்குப் பிடித்துவிட்டால், விலை ஏறாமலிருக்க வேறு பக்கம் திரும்பிக் கொட்டாவி விட வேண்டும். தொழிலில் அதுதான் அரிச்சுவடி.

கொட்டாவி விட்டேன்.

குடியை நிறுத்தி இன்று நாலாம் நாள். மேலகரத்தில் ஒரு மறுவாழ்வு மையம். என் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள்.

முந்தாநாள் சுவரெல்லாம் எறும்பு என்றேன். நேற்று எலுமிச்சை லாரி ஒன்று வார்டுக்குள் ரிவர்ஸில் வந்தது. இடித்துவிடுவானே என்று எழுந்து ஓடினேன். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பிய்ந்துகொண்டு வந்தது. லாரியைத் தட்டி நிறுத்திவிட்டேன். டாக்டர் என்னைக் கட்டச் சொல்லிவிட்டார்.

கட்டியது சுகந்தி சிஸ்டர். முடிச்சுக்கு அடியில் பஞ்சு வைத்தாள். மணிக்கொரு தரம் வந்து, கட்டுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று விட்டுப் பார்ப்பாள். நுழையாவிட்டால் தளர்த்துவாள். லாரி இல்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றதில்லை. இருக்கிறது என்று தலையாட்டியதும் இல்லை.

"என் கண்ணுக்குத் தெரியல அண்ணாச்சி. ஆனா நான் இங்கனதான் இருக்கேன், பயப்படாதீய" என்பாள்.

இன்றும் எதையாவது பார்த்தால் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிய கைகளோடு, பாவூர்சத்திரம் மார்க்கெட்டைத் தாண்டி. அங்கே என் முகம் தெரியாத வியாபாரி கிடையாது.

போகமாட்டேன். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

குரங்கு கம்பியை விட்டு இறங்கி என் நெஞ்சில் உட்கார்ந்தது. நல்ல கனம். இருக்கட்டுமே. நேற்று லாரிக்கும்தான் டீசல் வாடை இருந்தது. இரண்டாம் தரம் ஏமாற நான் என்ன, மார்க்கெட்டுக்குப் புதுசா?

தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து, என் மோவாயில் தோல் உரச உரித்தது.

சுகந்தி சிஸ்டர் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் டாக்டர்.

பிறகு சத்தம் காட்டாமல், ஒவ்வொரு அடியாக உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"எங்க இருக்கீய?"

"மேலகரம். குத்தாலத்துக்குப் போற ரோடு."

குரங்கு என் தலைமயிரை விலக்கிப் பேன் பார்த்தது.

"இங்கன எதும் தெரியுதா?"

"உங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ, காக்கா இல்ல."

அவள் மூலையில் கிடந்த மாப்புக் கம்பை எடுத்துத் தரையில் தட்டினாள்.

"ஏ, போ அங்கிட்டு!"

குரங்கு பழத்தோடு ஜன்னல் வழியாகத் தாவியது. வெளியே தகரக் கூரை தடதடத்தது.

நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன்.

"நெஞ்சு மேல உக்காந்திருக்கு, தெரியலங்காரே!" டாக்டர் செல்போனை எடுத்தார். "நேத்தைவிட மோசம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடுதேன்."

சுகந்தி சிஸ்டர் கீறல் பட்டிருக்கிறதா என்று என் சட்டையை விலக்கிப் பார்த்தாள். பிறகு, யாரையும் கேட்காமல், வலது கை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"டாக்டர், ரெண்டு நாளா இல்லாததை எல்லாம் ஒளிக்காமச் சொன்னாரு. இன்னைக்கு இருக்கிறதை இல்லங்காரு. கலங்கின மண்டைக்குப் பொய் வராது."

டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

கொட்டாவி விட்டேன்.

செல்போன் பைக்குள் போனது.

"அது என் பழம், சிஸ்டர்" என்றேன்.

"வேற ஒண்ணு தாரேன், இருங்க."

அவிழ்ந்த கையைத் தூக்கி, இரண்டு பழம் என்று இரண்டு விரல் காட்டினேன். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்த நடுக்கத்தில் அவளுக்கு அது நாலாகத் தெரிந்தால், எனக்கு ஆட்சேபணை இல்லை.