சகலைக்கு அடித்த யோகம்

எங்கும் இரண்டாமிடத்தில் இருந்து பழகாத தலைமையாசிரியர், சகலையைப் பார்த்துவிட்டு வந்து செருப்பை உதறிய வேகத்திலேயே மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ரெண்டு பேருக்கும் மலக்குடல்ல புற்றுநோய். அதே மருந்து, அதே கதிர்வீச்சு. அவனுக்கு மட்டும் ஏன்டி இந்த யோகம்?”

“வயித்தெரிச்சல் படாதீங்க. ஒருத்தருக்குக் கட்டி கரையும், இன்னொருத்தருக்குக் கரையாது. டாக்டர்தான் சொன்னாரே.”

“நாளைக்கே போய் அந்த டாக்டர் சட்டையைப் பிடிக்கிறேன்.”

“பிடிச்சு?”

“எனக்கும் ஆபரேஷன் பண்ணச் சொல்லுவேன்! கட்டி கரைஞ்சிடுச்சு, மூணு மாசத்துக்கொரு தடவை வந்து காட்டினாப் போதும்னு அனுப்பிட்டா, எவன் என்னை நோயாளின்னு மதிக்கிறான்? அங்க அவன் ஆபரேஷன் முடிஞ்சு, வயித்துல மலப்பையோட ராஜா மாதிரி படுத்திருக்கான். பார்க்க வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி தூக்கிப் போடச் சொல்லி உன் தங்கச்சி என்னை விரட்டுறா!”