பெயர் போடாத புகார்

“ரஞ்சித்குமார்ங்கறவரை நீங்க ரகசியமா கல்யாணம் பண்ணிக்கிட்டதா புகார் வந்திருக்கும்மா.”

அரியலூர் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து ஆண்டிமடம் வரை பைக்கில் வந்திருந்த பஞ்சநாதன் சொல்லி முடிப்பதற்குள், வெற்றிச்செல்வி தையல் மெஷினை விட்டு எழுந்துவிட்டாள்.

“யாரு சார் சொன்னது?”

“பேர் போடல. மொட்டைக் கடிதம். குப்பையில போட்டிருக்கலாம். ஆனா பென்ஷன் விஷயம் பாருங்க, நேர்ல ஒரு வார்த்தை கேட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

அவர் கையிலிருந்த ஃபைலில் அந்த நோட்டுத் தாள் நாலாக மடித்து இருந்தது. ஓரத்தில் பழுப்பாக ஒரு விரல் கறை. யாரோ டீ குடித்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்.

“காட்டுங்க சார். எழுத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன்.”

“அதெல்லாம் காட்டக் கூடாதும்மா.”

“எழுதுன கை அழுவிப் போவ!”

வாசலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அவளுடைய மாமியார் செங்கமலம் பதறிப்போய்த் தலையைத் தூக்கினாள்.

“சாபமெல்லாம் வுடாத ஆயி. யாரு வூட்டுப் புள்ளையோ, பாவம்.”

“உங்களுக்கு எல்லாருமே நல்லவங்கதான் அத்தை!”

செங்கமலத்தின் மகன் அறிவரசன் எல்லையில் நடந்த சண்டையில் இறந்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. குழந்தை இல்லை. அவனுக்காக வரும் குடும்ப பென்ஷனில்தான் மாமியாரும் மருமகளும் வாழ்கிறார்கள்.

“வருசா வருசம் நவம்பர்ல ‘மறுமணம் செய்யவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தானே சார் குடுக்கறேன்? பொய்க் கையெழுத்துப் போடற ஆளா நான்?”

“அப்ப ரஞ்சித்குமார் யாரு?”

வெற்றிச்செல்வியின் குரல் இறங்கியது. “தெக்குத் தெரு. சிமெண்டு லாரி ஓட்டுறாரு. கட்டிக்கிறியான்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்.”

“பிடிக்கலையா?”

அவள் கத்தரிக்கோலை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

“புடிக்காம என்ன?” என்றாள் செங்கமலம். “லாரி சத்தம் கேட்டா இவளுக்குத் தையல் கோணிக்கிட்டுப் போவுது. போன வாரம் ஒரு புள்ளை சட்டைக்கு ரெண்டும் எடது கையாவே வெச்சுட்டா.”

“அத்தை!”

“அப்புறம் ஏம்மா முடியாதுன்னீங்க?”

“கட்டிக்கிட்டா பென்ஷன் நின்னுடும். அப்புறம் இது கடைசி வரைக்கும் கொட்டை உடைச்சே கஞ்சி குடிக்கணுமா? அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேணாம்.”

“நிக்காதுடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் சார்” என்றாள் செங்கமலம். “மகளிர் குழுக் கூட்டத்துல ஒரு அம்மா வெவரமா சொல்லிச்சு. இவ நம்பினாத்தானே!”

“எனக்காக இது பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். ஆபீஸ் ஆளு வாயால சொன்னாத்தான் நம்புவேன்னுட்டேன்.”

“ஆபீசுக்கு வந்து கேட்டிருக்கலாமே?”

“நல்லாச் சொன்னீங்க! கேக்கப் போயி, இவ கல்யாணத்துக்கு நிக்கறான்னு அந்த மாசமே நிறுத்திட்டா?”

பஞ்சநாதன் சிரித்துவிட்டார்.

“உங்க அத்தை சொன்னது பொய் இல்லம்மா. சண்டையில உயிரை விட்டவரு உங்க வீட்டுக்காரர். உங்களுக்கு வர்றது அதுக்குன்னே உள்ள பென்ஷன். பிள்ளை இல்லாத மனைவி மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அது நிக்காது. பண்ணிக்கிட்டா எங்களுக்குத் தெரிவிக்கணும். மறைக்கத்தான் கூடாது.”

வெற்றிச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இன்னொருக்கா சொல்லுங்க சார்.”

சொன்னார்.

“எழுத்துல இருக்கா?”

ஃபைலிலிருந்து ஆணையின் நகலை எடுத்து நீட்டினார். அவள் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு மெஷின் மேல் கிடந்த தைக்காத துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பஞ்சநாதனுக்குப் பிடிபடவில்லை.

“அந்த ரஞ்சித்குமாரையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்றார்.

செங்கமலம்தான் போன் போட்டாள். ஐந்தாவது நிமிடம், தலைமுடியெல்லாம் சிமெண்டுத் தூசியோடு ரஞ்சித்குமார் ஓடிவந்து நின்றான்.

“சார், நான் கல்யாணம் பண்ணல சார். கேட்டேன், அவ்ளோதான். கேக்கறதே தப்பா சார்?”

“தப்புதான்.” துணிக்குள்ளிருந்தே பேசினாள் வெற்றிச்செல்வி. “ஒரு தடவையோட நிறுத்தினது தப்பு.”

அவன் ஒன்றும் புரியாமல் செங்கமலத்தைப் பார்த்தான்.

“மரம் மாதிரி நிக்கறான் பாரு. இன்னொருக்கா கேளுடா!”

“கட்டிக்கிறியா?”

“அத்தையும் என்கூட வரும்.”

“நான் மொதல்ல கேட்டப்பவே அத்தைக்கும் சேத்துத்தானே கேட்டேன்?”

துணி விலகியது. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

புகாரில் உண்மையில்லை என்று பஞ்சநாதன் எழுதி முடித்தார். மருமகள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்குச் செங்கமலத்தைக் கூப்பிட்டு, மை டப்பாவைத் திறந்தார். அவளோ டப்பாவைத் தள்ளிவிட்டு, முந்திரிப்பால் பட்டுப் பழுப்புக் கறையேறிய விரல்களால் பேனாவை வாங்கினாள். மாலை வகுப்பில் படித்த உருண்டை எழுத்தில் பெயரை நிதானமாக எழுதினாள்.

வழியனுப்ப வேலிப்படல் வரைக்கும் கூடவே வந்தாள்.

“தை மாசம் வெச்சுடலாம் சார். பத்திரிகை அனுப்பறேன், கட்டாயம் வந்துடணும்.”

“வராம இருப்பேனா? இருங்கம்மா, ஆபீஸ் விலாசம் எழுதித் தர்றேன்.”

செங்கமலம் திரும்பி, வீட்டுக்குள் இருந்த இருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

“வேணாம் சார்” என்றாள் மெதுவாக. “பின்கோடு வரைக்கும் மனப்பாடம். போன மாசம்தானே எழுதிப் போட்டேன்!”