கேமராவின் பொட்டு

என் கணவர் தயாளன் ஒரே கம்பெனியின் லேப்டாப்பைத்தான் வாங்குவார், அதிலும் இருப்பதிலேயே விலை குறைந்த வரிசை. முதலாவது செங்கல் கனம், சிடி போடும் தட்டு உண்டு. அடுத்ததில் தட்டு போனது. அதற்கடுத்தது பரீட்சை அட்டை மாதிரி மெலிந்து, தொட்டாலே திரை வளைந்தது. எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது, கேமராவை மறைத்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. "இது என்னையே பாக்குதுங்க" என்று அவருடைய முதல் மனைவி மேகலா, தன் நெற்றியிலிருந்து எடுத்து முதல் லேப்டாப்பில் ஒட்டிய பொட்டு. அவள் இறந்த பிறகும், நான் வந்த பிறகும், புதிது வாங்கும்போதெல்லாம் அதை நகத்தால் பெயர்த்து, துளி பசை தொட்டு, புதியதில் ஒட்டுவார். என் பொட்டு என்ன நிறம் என்று கேட்டால் யோசிப்பார். செத்தவளோடு சண்டையும் போட முடியாது.

நேற்று வந்த புது லேப்டாப்பில் கேமராவுக்கே ஒரு குட்டி மூடி இருந்தது. தள்ளினால் மூடிக்கொள்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பெயர்த்த பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவர் திருதிருவென்று விழித்தார். நான் என் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, வெறும் நெற்றியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இங்க வைங்க."

விரல் என் நெற்றி வரை வந்தது. பிறகு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பழைய லேப்டாப்ப எங்க வச்ச?"