எட்டாவது ஸ்க்ரூ

ஏழு ஸ்க்ரூவும் கழன்று வந்துவிட்டன. கீபோர்டு திறக்கவில்லை.

அவள் மூடியை லேசாக நெம்பிப் பார்த்தாள். ஓரங்கள் அசைந்தன. நடுவில் மட்டும் ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்துவிட்டாள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். ஒரு கீறல் விழுந்தால்கூடப் போதும். பாத்தீங்களா அண்ணாச்சி, ஒடச்சதே அவதான் என்பான் லிங்கதுரை.

காலையிலேயே அப்படித்தான் சொன்னான். அந்த அச்சுக் கடையில் பத்திரிகை டிசைன் போடுகிறவன் அவன். ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தான். நடு வரிசையில் ஆறு எழுத்துகள் விழவில்லை. கூட்டித் துடைக்கிற பிள்ளை ஈரத் துணியைப் பிழியாமல் போட்டுத் தேய்த்திருக்கிறாள், சோற்றுப் பானையைத் தேய்க்கிற மாதிரி என்றான். முதலாளி அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோதும் அப்படித்தான் நின்றாள். அன்றைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அண்ணாச்சியும் லிங்கதுரையும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

கீபோர்டைக் கவிழ்த்தாள். பின்பக்கம் முழுவதையும் விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தாள். கம்பெனிப் பெயர் அச்சடித்த ஸ்டிக்கரின் நடுவில் விரல் சற்றே உள்ளே இறங்கியது.

அடியில் பள்ளம்.

ஸ்டிக்கர் கிழியக் கூடாது. குனிந்து வாய்ச் சூட்டால் ஊதினாள். ஊதி ஊதி, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள். துணியிலிருந்து இட்லியைப் பிரிப்பதுபோல, அவசரமில்லாமல்.

எட்டாவது ஸ்க்ரூ அங்கே ஒளிந்திருந்தது.

அதுவும் வந்த பிறகு ஓரத்துக் கொக்கிகள்தான் மிச்சம். திருப்புளியை நுழைத்தால் தழும்பு விழும். குப்பைக் கூடையைக் கிளறினாள். யாருடைய முகமோ பச்சையாக அச்சாகி வீணாகிப்போன அடையாள அட்டை ஒன்று கிடந்தது. அதை இடுக்கில் செருகி, மெல்ல நகர்த்தினாள்.

டக்.

நின்றாள். எதுவும் உடையவில்லை. கொக்கிதான் விட்டிருக்கிறது.

டக். டக்.

மூடி முழுதாகக் கையில் வந்தது.

உள்ளே கண்ணாடித் தாள்போல மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். நடுவில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தாள். பழுப்பாக ஒரு திட்டு. ஓரத்தில் காய்ந்த பாலாடை. செத்துக் கிடந்த நான்கு எறும்புகள்.

தண்ணீர் இப்படிக் காயாது.

கடையில் பால் டீ குடிப்பவன் லிங்கதுரை ஒருவன்தான். அண்ணாச்சிக்குச் சுக்குக் காப்பி. அவளுக்கு என்று யாரும் எதுவும் வாங்கிவரச் சொல்வதில்லை.

ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்த்தி மூடினால் ஆறு எழுத்தும் விழுந்துவிடும். அது அவளுக்குத் தெரிந்தது.

துடைக்கவில்லை.

லிங்கதுரையின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவன் அவன்தான். பல் குத்திக்கொண்டே உள்ளே நுழைந்தான். மேசையைப் பார்த்தான். குச்சி வாயிலேயே நின்றது.

கத்துவான் என்று நினைத்தாள். அவன் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தான்.

"மூடிரு பிள்ள. நான் சரி பண்ணிட்டேன்னு சொல்லிக்கிடுதேன். ஒன்னைய வேலைக்கு வச்சுக்கிடுங்கன்னும் அண்ணாச்சிட்ட சொல்லுதேன்."

வேலை இருக்கும்.

ஈரத் துணியால் கெடுத்தவள் என்ற பேச்சும் இருக்கும்.

அவன் மூடியை எடுக்கக் கையை நீட்டினான். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தாள்.

"அண்ணாச்சி பாக்கட்டும்."

லிங்கதுரை சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

வாசலில் அண்ணாச்சி வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. எந்திரி என்று அவன் கண்ணைக் காட்டினான்.

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.